இருபது நிமிடம்

1971 ஜூலை 6, செவ்வாய்

விடாத மழை. தகரக் கூரையில் விழும் சத்தத்தில் நோயாளிகள் சொல்வது எதுவும் காதில் விழவில்லை. ஒவ்வொருவரையும் பக்கத்தில் இழுத்து வைத்துக் கேட்க வேண்டியிருந்தது. இருபத்தெட்டுப் பேர். பாதிக்கு மேல் சிரங்கு. கால் புண் ஏழு. கரடி கீறிய தோள் ஒன்று, பத்து தையல்.

நெல்லிப்பாறைக்கு நான் நர்சாக வந்து இன்றோடு ஐந்து வருடம். அதை ஞாபகம் வைத்திருந்தவர் இங்கே ஆராதனை நடத்தும் தங்கையா உபதேசியார் மட்டும்தான். அவர் மனைவி பணியாரம் சுட்டுக் கொடுத்துவிட்டிருந்தார். அன்று பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒன்பது மைல் காட்டுப்பாதையில் ஏறிவந்து, எந்த ஊரோடும் சேராத மேட்டில் இரண்டே அறையாக நின்ற இந்த மிஷன் மருந்தகத்தைப் பார்த்ததும் அழுதேன். சாத்தான்குளத்தில் இருக்கும் அம்மாவுக்கு அதை எழுதவில்லை. "இடம் குளிர்ச்சியாக இருக்கிறது" என்று எழுதினேன்.

முதல் வருடம் யாரும் வரவில்லை. மேலக்காட்டுச் சடச்சிதான் முதலில் வந்தவள். இரண்டு பிள்ளைகளைக் குடிசையில் பெற்றுப் பறிகொடுத்தவள், மூன்றாவதை இங்கே வந்து பெற்றாள். இந்த மலையில் நான் கையில் ஏந்திய முதல் குழந்தை அதுதான். பச்சையம்மாள் என்று பெயர் வைத்தார்கள். இப்போது நாலு வயது. அவளைக் காட்டித்தான் மற்றப் பெண்களை வரவழைத்தேன்.

ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் தீரப்போகிறது. கீழே சொல்லிவிட வேண்டும்.

ஜூலை 9, வெள்ளி

சடச்சியின் மகள் பச்சை இறந்துவிட்டாள். காலை பதினொன்றரை மணி. மார்ச்சளி, கடும் காய்ச்சல். செய்ய வேண்டியதெல்லாம் செய்தேன். கர்த்தருடைய சித்தம்.

நோயாளிகள் நாற்பத்தொன்று.

ஜூலை 10, சனி

அடக்கத்துக்குப் போனேன். மேலக்காட்டு எல்லையிலேயே நிறுத்திவிட்டார்கள். அங்கே ஆத்தாளுக்குக் காப்புக் கட்டி மூன்று நாளாகிறது. திருவிழா முடியும்வரை வெளியாள் உள்ளே போகக் கூடாது, ஊர்க்காரர் யாரும் எல்லை தாண்டக் கூடாது, மருந்து தொடக் கூடாது. நேற்று விடியும்போது சடச்சி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லை தாண்டித்தான் என்னிடம் வந்திருக்கிறாள். இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் திருப்பி அனுப்பியிருக்க மாட்டேன்.

எல்லைக் கல்லுக்கு இந்தப்பக்கம் மழையில் நின்றேன். பறைச்சத்தம் மட்டும் கேட்டது.

ஜூலை 13, செவ்வாய்

ஊர்க்கூட்டத்தின் தீர்ப்பை உபதேசியார் கேட்டுவந்து சொன்னார். காப்பை மீறியதால் ஆத்தாள் பிள்ளையை எடுத்துக்கொண்டாளாம். அடுத்த வருடம் திருவிழா வரும்வரை சடச்சி ஊருக்குள் கால் வைக்கக் கூடாது. தினைக்கொல்லையில் காவல் குடிசை ஒன்று இருக்கிறது, அங்கேதான் இருக்க வேண்டும். ஊர்ச் சுனையில் தண்ணீர் எடுக்கக் கூடாது. யாரும் அவளுக்கு நெருப்புக் கொடுக்கக் கூடாது, முகம் பார்த்துப் பேசக் கூடாது. அவள் புருஷன் தீத்தான் கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

பிள்ளைக்கு நான் போட்ட ஊசியைப் பற்றி ஒருவரும் குறை சொல்லவில்லை. திருவிழா நேற்றோடு முடிந்ததால் இன்றைக்கே மேலக்காட்டிலிருந்து ஒன்பது பேர் மருந்துக்கு வந்தார்கள். ஊர்க்கவுண்டர் பொன்னாக்கவுண்டர் தன் மருமகளை அழைத்துவந்தார். போகும்போது, "உங்க மேல ஒண்ணும் இல்லம்மா. தப்பு அவளோடது" என்றார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஜூலை 14, புதன்

மிஷனுக்கு மாத அறிக்கை எழுதினேன். மரணம் என்ற இடத்தில்: பெண் குழந்தை, வயது நாலு, நிமோனியா, தாமதமாகக் கொண்டுவரப்பட்டது.

காய்ச்சல் கண்ட இரண்டாம் நாளே கொண்டுவந்தாள். அறிக்கையைத் தபால்காரரிடம் கொடுத்தபிறகுதான் இதை இங்கே எழுதுகிறேன்.

ஜூலை 25, ஞாயிறு

இரண்டு பிரசவம். தாய்மாரும் பிள்ளைகளும் சுகம். ஜெபத்துக்கு உட்கார்ந்தேன். வார்த்தை வரவில்லை.

ஆகஸ்ட் 3, செவ்வாய்

அடுத்த ஊரில் ஒரு கிழவருக்குக் கட்டு மாற்றப் போனேன். திரும்பும்போது தினைக்கொல்லை வழியாக வந்தேன். வேறு வழி இருந்தது. இருந்தும் அந்த வழியாக வந்தேன்.

சடச்சி கொல்லையில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். தண்ணீருக்கு ஓடைவரை இறங்கி ஏறுகிறாள். போக ஒரு மணி, வர ஒன்றரை மணி. ஓடைத் தண்ணீர் இப்போது செம்மண் கலங்கல். காய்ச்சிக் குடி என்று சொல்ல வாயெடுத்தேன். நெருப்புக்கு எங்கே போவாள்? என் பையிலிருந்த தீப்பெட்டியைக் கொடுத்தேன். வாங்கி முந்தியில் முடிந்துகொண்டாள். முந்தியைப் பிடித்தபடியே சொன்னாள்.

"என்னால உங்களுக்கும் கெட்ட பேரு வர இருந்திச்சிம்மா. காப்பு கட்டினத உங்ககிட்ட சொல்லாம வந்துட்டேன். மன்னிச்சிக்குங்க."

நான் ஏதோ சொன்னேன். மழை வரும்போல இருக்கிறது, நேரத்தோடு குடிசைக்குப் போ என்பதுபோல ஏதோ ஒன்று.

ஆகஸ்ட் 19, வியாழன்

எழுதிவிடுகிறேன்.

பென்சிலின் போடுமுன் முன்கைத் தோலுக்கடியில் ஒரு துளி மருந்தை ஏற்றி, இருபது நிமிடம் பார்க்க வேண்டும். தடிப்போ சிவப்போ வந்தால் அந்த உடம்புக்கு அந்த மருந்து விஷம். அதுதான் சோதனை ஊசி. பயிற்சியின் முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுத்தார்கள். ஆயிரம் பேருக்குப் போட்டிருப்பேன்.

ஜூலை 9 அன்று பச்சைக்குப் போடவில்லை.

அன்று வாசலில் நாற்பது பேர் நின்றார்கள். மண்ணெண்ணெய் இல்லாமல் விறகில் ஊசிகளைக் கொதிக்கவைத்தேன். ஈர விறகு, ஒரே புகை. பிள்ளைக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இருபது நிமிடம் காத்திருக்க மனம் வரவில்லை. இதெல்லாம் உண்மை. இவ்வளவையும் வைத்துக்கொண்டு போன ஒன்றரை மாதமாக எனக்கு நானே வக்கீலாக இருக்கிறேன்.

ஊசி போட்ட மூன்றாம் நிமிடம் உதடு நீலமானது. அட்ரினலின் கொடுத்தேன். நெஞ்சை அழுத்தினேன். நாடி திரும்பவில்லை.

மார்ச்சளியால் சாகவில்லை. ஆத்தாளும் எடுக்கவில்லை.

செப்டம்பர் 11, சனி

எங்கள் மிஷன் போதகர் சற்குண ஐயர் வந்திருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த வயதிலும் ஒன்பது மைல் ஏறி வருகிறார். முழங்காலுக்கு எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தேன். கிறிஸ்துமஸுக்கு மூன்று குடும்பங்கள் ஞானஸ்நானம் எடுக்கப்போகின்றன என்று உபதேசியார் சொன்னபோது அவர் கண் கலங்கிவிட்டது. இந்த மலையில் இதுவே முதல் முறை. பதினெட்டு வருடம் இதற்காக ஜெபித்தவர்.

தீத்தான் கீழூரிலிருந்து வேறொரு பெண்ணை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டான்.

செப்டம்பர் 12, ஞாயிறு

ஆராதனை முடிந்து ஐயரிடம் தனியாகச் சொன்னேன். அவர் நெடுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஜெபிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு பேசினார்.

"நீ வேணும்னு செய்யலம்மா. ஆண்டவர்கிட்ட சொல்லிட்டல்லா, அது போதும். ஊர்ல சொன்னா இந்த வாசல் அடைஞ்சிரும். நாளைக்கு ஒரு பிள்ளத்தாச்சி ஒன்னத் தேடி வராம குடிசையிலயே செத்தா, அதுக்கு யாரு பதில் சொல்லுவா?"

சடச்சி என்ன ஆவாள் என்று கேட்டேன். அவளுக்காகத் தினமும் ஜெபிப்பதாகச் சொன்னார். கண்டிப்பாகச் செய்வார், அப்படிப்பட்ட மனிதர். எனக்கு இங்கே மனம் தாளவில்லை என்றால் கீழே ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடுகிறேன் என்றும் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஐயரிடமும் ஒன்றைச் சொல்லவில்லை. அன்று வாசலில் சடச்சி என் கையைப் பிடித்து நிறுத்திச் சொன்னாள்: "போன தடவ ஊசி போட்டப்ப இவளுக்கு ஒடம்பெல்லாம் தடிப்பா வந்திச்சிம்மா." சரி சரி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பிள்ளையை வாங்கிக்கொண்டேன்.

அவள் சொன்னாள். எனக்குக் காதில் விழுந்தது. மழைச்சத்தம் அன்று இல்லை.

செப்டம்பர் 28, செவ்வாய்

நோயாளிகள் முப்பத்தாறு. பாம்புக்கடி ஒன்று, பிழைத்துக்கொண்டது. கையெடுத்துக் கும்பிட்டார்கள். உள்ளே போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

அக்டோபர் 5, செவ்வாய்

தேன் எடுக்கப் போன பெண்கள் சொல்லித்தான் தெரிந்தது. சடச்சி நாலு நாளாகக் கொல்லைக் குடிசையில் காய்ச்சலில் கிடக்கிறாளாம். அவளோடு பேசக் கூடாது என்பதால் வெளியே நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். உபதேசியாரும் நானும் போனோம். ஓலை பிய்ந்த இடத்திலெல்லாம் ஈரம். வலது மார்பில் சளி கட்டியிருந்தது. மூச்சு விடும்போது முனகினாள். உபதேசியார் தண்ணீர் காய்ச்ச விறகு பொறுக்கப் போனார்.

பென்சிலின் எடுத்தேன். முன்கையில் ஒரு துளி ஏற்றிவிட்டு, கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மருந்து ஏறிய இடத்தில், எல்லோருக்கும் வருவதுபோல, சின்னதாக ஒரு கொப்புளம் எழுந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கும்மா ஒக்காந்திருக்கீங்க?"

இந்த மருந்து உனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கிறேன், இருபது நிமிடம் ஆகும் என்றேன்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு, "பச்சைக்கு இவ்ளோ நேரம் ஆவலியே" என்றாள்.

காய்ச்சலில் கேட்டது. குற்றம் சாட்டவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். ஒரு பொய் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். பெரியவர்களுக்குத்தான் இப்படி என்று சொன்னால் போதும். அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதையும் எழுதுகிறேன்.

சொல்லிவிட்டேன். சோதனை ஊசி போடாததைச் சொன்னேன். நீ தடிப்பு வந்ததைச் சொன்னாய், நான் கேட்கவில்லை என்று சொன்னேன். உன் பிள்ளையை ஆத்தாள் எடுக்கவில்லை, நான் போட்ட ஊசிதான் கொன்றது என்று அந்த வார்த்தையிலேயே சொன்னேன்.

அவள் கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். கொப்புளத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. இருபது நிமிடம் முடிந்தது. தடிப்பு இல்லை. போடட்டுமா என்று கேட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, இடுப்புச் சேலையை விலக்கினாள். போட்டேன். அவள் அசையவில்லை.

அக்டோபர் 8, வெள்ளி

தினமும் போய் ஊசி போடுகிறேன். கஞ்சி கொண்டுபோகிறேன். குடிக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

அக்டோபர் 10, ஞாயிறு

காய்ச்சல் விட்டது. இன்று எழுந்து உட்கார்ந்திருந்தாள். நான் பையை மூடும்போது கேட்டாள்.

"இத ஊர்ல சொல்லுவீங்களா?"

அக்டோபர் 11, திங்கள்

உபதேசியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு கெஞ்சினார். கிறிஸ்துமஸ்வரை பொறுங்க சிஸ்டர், ஞானஸ்நானம் முடிந்தபின் சொல்லிக்கொள்ளலாம் என்றார். அப்புறம் சொன்னால் அந்த மூன்று குடும்பத்தையும் ஏமாற்றிச் சேர்த்ததாக ஆகாதா என்று கேட்டேன். அவர் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் மனைவி இன்று பால் கொடுத்துவிடவில்லை.

அக்டோபர் 15, வெள்ளி

மேலக்காட்டு மந்தைவெளியில் ஊர்க்கூட்டம். காலை பத்து மணி. ஆண்கள் முப்பது பேர் இருக்கும். பெண்கள் தள்ளி, பலாமரங்களுக்குப் பின்னால். சடச்சி எல்லைக் கல்லுக்கு வெளியே நின்றாள். உபதேசியார் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். என் பக்கத்தில் வந்து நின்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். பொன்னாக்கவுண்டர் தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"அப்ப, இது ஆத்தாளோட வேல இல்லன்னு சொல்றீங்களா?"

"இல்லீங்க. என்னோட வேலை."

தீத்தான் எழுந்தான். என்னை அடிக்க வருகிறான் என்று உபதேசியார் குறுக்கே வந்தார். ஆனால் அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு காட்டுப்பக்கம் போய்விட்டான். ஒருவன் மருந்தகத்தைக் கொளுத்த வேண்டும் என்றான். இன்னொருவர் என்னை இன்றைக்கே மலையிறக்கிவிடச் சொன்னார். தன் பிள்ளைக்குப் போன மாதம் ஊசி போட்டதை ஒரு பெண் மரத்துக்குப் பின்னாலிருந்து சொல்லிச் சொல்லி அழுதாள். அந்தப் பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறது. இருந்தும் அழுதாள்.

கவுண்டர் எல்லோரையும் அடக்கினார். சடச்சி காப்பை மீறினது மீறினதுதான், ஆனால் பிள்ளை போனதற்கு அவள் காரணம் இல்லை என்று ஆகிவிட்டதால் சுனையும் நெருப்பும் அவளுக்கு உண்டு, ஊருக்குள் வரலாம் என்றார். எந்த வீட்டுக்கு என்று யாரும் கேட்கவில்லை. அவள் வீட்டில்தான் வேறொருத்தி இருக்கிறாளே.

பிறகு எல்லைக் கல்லைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "சடச்சி, பிள்ள ஒன்னோடது. இந்தம்மாவ என்ன பண்ணலாம், நீயே சொல்லு."

அவள் இருந்த இடத்திலிருந்தே சொன்னாள். சத்தம் போடாமல்தான் சொன்னாள், எல்லோருக்கும் கேட்டது.

"அவங்க போவக் கூடாது. இங்கயே இருக்கட்டும்."

மன்னிப்பு என்று நான் நினைத்துக்கொள்ளக் கூடாது. அவள் முகத்தைப் பார்த்தேன்.

அக்டோபர் 22, வெள்ளி

ஏழு நாளாக ஒரு நோயாளி இல்லை. ஊசிகளைக் கொதிக்கவைத்து, துடைத்து, தட்டில் அடுக்கி, மாலையில் திரும்ப எடுத்து வைக்கிறேன்.

நவம்பர் 2, செவ்வாய்

மூன்று குடும்பமும் ஞானஸ்நானம் வேண்டாம் என்று சொல்லிவிட்டன. உபதேசியார் என்னிடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

நவம்பர் 16, செவ்வாய்

கீழூரில் ஒரு பெண் பிரசவத்தில் இறந்துபோனாள். முதல் பிள்ளை, கை முன்னால் வந்துவிட்டதாம். இரண்டு நாள் வலியில் கிடந்திருக்கிறாள். என்னைக் கூப்பிடவில்லை. அரை மணி நடந்தால் நான்.

ஐயர் சொன்னதுதான் நடந்தது. அவர் கேட்ட கேள்விக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்திருந்தால் இந்தப் பெண் உயிரோடு இருந்திருப்பாள், சடச்சி அடுத்த காய்ச்சலில் அந்தக் குடிசையிலேயே செத்திருப்பாள். இப்படித் தராசில் வைத்துப் பார்க்கிற புத்தி எனக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை.

நவம்பர் 30, செவ்வாய்

மிஷனிலிருந்து கடிதம். டிசம்பர் 15-க்குள் மருந்தகத்தைப் பூட்டி, சாவியை உபதேசியாரிடம் கொடுத்துவிட்டுக் கீழே வந்து வார்டு வேலையில் சேர வேண்டும். கடிதத்தின் அடியில் ஐயர் தன் கையால் எழுதியிருந்தார்: "வந்துவிடு மகளே. போதும்."

அந்த ஒரு வரியைப் பார்த்து அழுதேன். பிறகு பதில் எழுதினேன். என்னை வேலையிலிருந்து நீக்கிவிடுங்கள், கட்டடத்தை மட்டும் இப்போதைக்கு விட்டுவையுங்கள், ஒரு பெண் என்னை இங்கே இருக்கச் சொல்லியிருக்கிறாள் என்று எழுதினேன். படித்துப் பார்த்தால் பைத்தியக்காரத்தனமாகத்தான் இருக்கிறது. அனுப்பிவிட்டேன்.

டிசம்பர் 4, சனி

காலையில் சடச்சி வந்தாள். வாசலில் கிடக்கும் பெஞ்சில் உட்கார்ந்தாள். உடம்புக்கு என்ன என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்று தலையசைத்தாள். ஒரு மணி நேரம் இருந்துவிட்டுக் கொல்லைக்குப் போனாள். இன்னும் அந்தக் குடிசையில்தான் இருக்கிறாள். கூரைக்குப் புது ஓலை போட்டிருக்கிறாளாம்.

டிசம்பர் 6, திங்கள்

இன்றும் வந்தாள். நேற்றும் வந்தாள். பேசவில்லை. நானும் தைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.

டிசம்பர் 9, வியாழன்

மிஷனிலிருந்து பதில் இல்லை. பனி மூட்டம், எதிரில் இருக்கும் மேடுகூடத் தெரியவில்லை. சடச்சி வழக்கம்போல வந்து உட்கார்ந்தாள். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு என்ன வெளிய ஒக்கார வச்சிட்டீங்க" என்றாள். "அவ கடைசியா என்னம்மா சொன்னா?"

முறத்தைக் கீழே வைத்தேன். இந்தக் கேள்வி வரும் என்று ஐந்து மாதமாக எனக்குத் தெரியும். அதனால்தான் இந்த நோட்டில்கூட அதை எழுதாமல் தாண்டித் தாண்டி வந்தேன்.

தாய்மார் ஊசியைக் கண்டால் அழுது கையைப் பிடிப்பார்கள் என்று அவர்களை வெளியே உட்காரவைப்பது என் வழக்கம். அன்றும் அப்படித்தான் கதவைச் சாத்தினேன். ஊசி போடும்போது பச்சை அழவில்லை. போட்டு முடித்துப் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தபோது அவளுக்கு மூச்சு திணறத் தொடங்கியது. என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவ வரச் சொல்லு" என்றாள். இரண்டு தடவை சொன்னாள். கதவு நாலடி தூரத்தில் இருந்தது. நான் மருந்து அலமாரிப்பக்கம் ஓடினேன். திரும்பி வந்தபோது அவளால் பேச முடியவில்லை. கதவைத் திறந்து சடச்சியைக் கூப்பிட எனக்குத் தோன்றவே இல்லை. எல்லாம் முடிந்தபிறகுதான் திறந்தேன்.

இதை அப்படியே சொன்னேன்.

சடச்சியின் கை பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருந்தது. விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. அவள் அழுவாள் என்று காத்திருந்தேன். அழவில்லை. என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"மறுபடியும் சொல்லுங்க" என்றாள்.

முதலிலிருந்து சொன்னேன்.